பினேகா ஆற்று மாவட்டம்: ஒரு நாள் நடையும் நிர்வாக எல்லையும்

ஒரு கிராம நிர்வாகப் பிரிவின் எல்லையை எந்த அளவுகோலைக் கொண்டு வரையறுப்பது? இக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்கும் வரலாற்றுக்கும் ஏற்றவாறு விடை கண்டுள்ளது. மக்கள் தொகையை அளவாகக் கொள்வோர் உண்டு. நில வரியின் அளவைக் கொள்வோர் உண்டு. பழைய ஊர்களின் எல்லையை அப்படியே ஏற்றுக்கொள்வோரும் உண்டு. ருஷ்யக் கூட்டரசில் 2003ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் இயற்றப்பட்ட தல சுயாட்சிச் சட்டம் இவற்றோடு மற்றோர் அளவுகோலையும் சேர்த்தது. பல ஊர்கள் அடங்கிய ஒரு கிராமப் பிரிவில், எந்த ஊரில் வாழ்பவரும் தலைமை ஊருக்கு நடந்து சென்று, ஒரு வேலை நாளுக்குள் வீடு திரும்பக்கூடியவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. மாவட்டத்தைப் பொறுத்தவரை நடைக்குப் பதிலாக வாகனப் பயணம் கணக்கில் கொள்ளப்பட்டது. அங்கும் காலையில் புறப்பட்டவர் அன்றே திரும்பவேண்டும் என்பதே கருத்து.

குடிமகனின் காலை அளவுகோலாகக் கொண்ட இவ்விதி போற்றத்தக்கது. ஆனால் அதே சட்டம், மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த பகுதிகளிலும், தொலைவான, எளிதில் அணுக முடியாத இடங்களிலும் இவ்விதியைக் கடைப்பிடிக்காமல் விடலாம் என்றும் கூறிற்று. விதி எங்கு மிகவும் தேவையோ அங்கேயே அது தளர்த்தப்பட்டது. இத்தளர்வு ஏன் தேவைப்பட்டது, அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை அறிய, வட ருஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலத்தைச் சேர்ந்த பினேகா மாவட்டம் ஒரு நல்ல சான்றாகும்.

நிலமும் ஆறும்

வெண்கடல் கரையை அடுத்த ஆர்க்காங்கெல்ஸ்க் நகருக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இம்மாவட்டம் பரந்து கிடக்கிறது. இதன் பரப்பு ஏறத்தாழ 32 ஆயிரம் சதுர கிலோமீட்டர். பெல்ஜியம் நாட்டைவிடச் சற்றுப் பெரிது. 2010ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 26 ஆயிரம் பேர். ஆசிரியர்கள் இவ்விரு எண்களையும் மாணவர்களிடம் கொடுத்து மக்கள் நெருக்கத்தைக் கணக்கிடச் செய்யலாம். சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்கூட இல்லை என்னும் விடை அவர்களுக்கு வியப்பளிக்கும். அவ்விடையும் முழு உண்மையன்று என்பதை அடுத்தபடியாக விளக்கலாம். மக்கள் இப்பரப்பில் சீராகச் சிதறி வாழவில்லை. ஏறக்குறைய அனைவரும் ஒரே ஆற்றின் கரைகளிலும், காட்டுத் தொழிலுக்கென அமைந்த சில குடியிருப்புகளிலுமே வாழ்கின்றனர். எஞ்சிய நிலம் ஸ்புரூஸ், பைன், லார்ச் மரங்கள் நிறைந்த ஊசியிலைக் காடும் சதுப்பும் ஆகும்.

அந்த ஆறுதான் பினேகா. வட துவினாவின் வலப்புறக் கிளையாறாகிய இதன் நீளம் 779 கிலோமீட்டர். பின்னிய இனமொழிகளில் இப்பெயருக்குச் ‘சிறிய ஆறு’ என்று பொருள் கூறுவர். துவினாவோடு ஒப்பிட்டு வைத்த பெயராக இருக்கலாம். வெள்ளாறு, கருப்பாறு எனப் பொருள்படும் பேலயா, சோர்னயா என்னும் இரு நீரோட்டங்கள் கூடி இவ்வாறு பிறக்கிறது. நெடுந்தொலைவு வடமேற்காக ஓடிப் பினேகா என்னும் ஊரின் அருகே திடீரெனத் திரும்பித் தென்மேற்காகச் சென்று துவினாவில் கலக்கிறது.

இத்திருப்பம் மாவட்டத்தின் வரலாற்றையே வடிவமைத்தது எனலாம். ஆறு திரும்பும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே வெண்கடலை நோக்கி ஓடும் குலோய் என்னும் வேறோர் ஆறு செல்கிறது. பண்டைய வணிகர் ஓர் ஆற்றிலிருந்து படகை இழுத்துத் தரை வழியே கொண்டு சென்று மற்றோர் ஆற்றில் இறக்கினர். இத்தகைய இடத்துக்கு ருஷ்ய மொழியில் ‘வோலொக்’ என்று பெயர். ‘இழு’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பினேகா ஊரும் முற்காலத்தில் வோலொக் என்றே அழைக்கப்பட்டது. 1926க்கும் 1928க்கும் இடையில் இவ்விரு ஆறுகளையும் இணைக்கும் ஒரு சிறு கால்வாய் வெட்டப்பட்டது.

இப்பகுதியின் பாறைகளில் ஜிப்சம் மிகுதி. நீரில் கரையும் இப்பாறை, காலப்போக்கில் குகைகளையும் குழிவுகளையும் நிலத்தடி ஓடைகளையும் உண்டாக்கியுள்ளது. நிலவியலார் இத்தகைய நிலத்தைக் கார்ஸ்ட் என்பர். இதனைக் காப்பதற்காக 1974இல் பினேகா இயற்கைக் காப்பகம் 50 ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் நிறுவப்பட்டது. பினேகாவுக்கும் துவினாவுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் கோடரி படாத காடு பெரும் பரப்பில் எஞ்சியிருந்தது. நீண்டகால விவாதத்துக்குப் பின் அதில் ஏறத்தாழ 3 இலட்சம் ஹெக்டேர் 2019இல் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது; அது பல மாவட்டங்களில் பரவியுள்ளது.

பருவமும் பாதையும்

மாவட்டத் தலைமையூரான கார்ப்பொகோரி ஏறத்தாழ 64 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் மாத இறுதியில் அங்குப் பகற்பொழுது நான்கு மணி நேர அளவே. ஜூன் மாத இறுதியில் இருபது மணிக்கு மேல். வேலை நாள் என்று சட்டம் கூறும்போது, அந்நாளின் பெரும்பகுதி குளிர்காலத்தில் இருளாகவே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

ஆயினும் போக்குவரத்தைப் பொறுத்தவரை ஆண்டை இருள், ஒளி எனப் பிரிப்பதைவிட ஆற்றின் நிலையைக் கொண்டு பிரிப்பதே பொருந்தும். பினேகா அக்டோபர் இறுதியிலோ நவம்பர் முற்பகுதியிலோ உறைகிறது. ஏப்ரல் இறுதியிலோ மே முற்பகுதியிலோ பனிக்கட்டி உடைகிறது. கோடையில் தோணியும் மிதவைப் பாலமும் கரைகளை இணைக்கின்றன. கடுங்குளிரில் ஆறே பாதையாகிவிடுகிறது. பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் தடித்தால் ஓர் ஆள் நடக்கலாம். 30 சென்டிமீட்டர் தடித்தால் சிறிய கார் செல்லலாம். சரக்கு வண்டிக்கு அதனினும் தடித்த பனிக்கட்டி வேண்டும். ஆற்றைக் கடக்கும் இடங்களில் பனிக்கட்டியை அளந்து, எத்தனை டன் வரை வண்டி செல்லலாம் என்று பலகை வைப்பது அங்கு அன்றாட நிர்வாகப் பணியாகும்.

இடர் தருபவை இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட வாரங்களே. இலையுதிர் காலத்தில் தோணி ஓட முடியாதபடி பனிக்கட்டித் துண்டுகள் மிதந்து வரும்; ஆனால் நடக்கும் அளவுக்கு ஆறு உறைந்திராது. வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து, வளைவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அணைபோல் நிற்க, நீர்மட்டம் விரைவாக உயரும். அதே சமயம் மண்பாதைகள் சேறாகிவிடும். ‘பாதை கெட்ட காலம்’ எனப் பொருள்படும்படி இதற்கென்றே ருஷ்ய மொழியில் ‘ரஸ்பூத்தித்ஸா’ என ஒரு தனிச் சொல் உண்டு. வரைபடத்தில் ஆற்றின் இரு கரைகளிலும் நேர் எதிராக அமைந்த இரண்டு ஊர்கள் இக்காலத்தில் வேறு வேறு தீவுகள் போல் ஆகிவிடுகின்றன. வெர்கோலா என்னும் பழைய ஊரும், அதன் புகழ்பெற்ற மடாலயமும் இவ்வாறு எதிரெதிர்க் கரைகளில் உள்ளன.

குளிர்காலம்தான் வடபுலத்தின் துன்பகாலம் என்று நினைப்பது வெளியாரின் இயல்பு. உண்மையில் உறைபனியே அங்குப் பாதை அமைப்பாளன். பினேகா ஊரில் டிசம்பர் மாதம் புனித நிக்கலஸ் திருநாளையொட்டிக் கூடிய பெருஞ்சந்தை இதற்குச் சான்று. ஆறுகளும் சதுப்புகளும் உறைந்த பின்னரே சறுக்கு வண்டிகள் தொலைவான மெஸேன், பெச்சோரா பகுதிகளிலிருந்து மென்மயிர்த் தோலையும் வேட்டைப் பறவைகளையும் கொண்டுவர இயன்றது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காங்கெல்ஸ்கிலிருந்து கார்ப்பொகோரி வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அதன் நோக்கம் மரம் ஏற்றிச் செல்வது. பயணிகள் வசதி உடன் வந்த பலன். இப்பாதையைக் கிழக்கே கோமி குடியரசு வரை நீட்டி யூரல் பகுதியுடன் இணைக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது; இடையிலுள்ள பகுதி இன்னும் கட்டப்படவில்லை. எனவே கார்ப்பொகோரிக்கு மேலே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வெர்கோலா, சூரா, நியூஹ்சா முதலிய ஊர்களுக்கு இரயில் இல்லை.

ஆட்சிப் பிரிவுகள் மாறிய வரலாறு

1137ஆம் ஆண்டின் நவ்கொரத் பட்டயம் ஒன்றிலேயே பினேகாவின் பெயர் காணப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆற்றின் நடுப்பகுதியிலுள்ள கெவ்ரோலா ஆட்சித் தலமாக இருந்தது. 1780இல் பேரரசி இரண்டாம் காதரீனின் சீர்திருத்தத்தின்கீழ்ப் பினேகா ஊர் நகரமாக்கப்பட்டு, ‘உயெஸ்து’ எனப்பட்ட அக்கால வட்டத்தின் தலைமையிடமாயிற்று. நகரம் என்பது பெயரளவே; தொலைவும் தனிமையும் காரணமாக அரசு தனக்கு வேண்டாதவர்களை அங்கு அனுப்பி வைத்தது. எழுத்தாளர் அலெக்சாந்தர் கிரீன் 1910ஆம் ஆண்டில் அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். 1925இல் பினேகா நகரத் தகுதியை இழந்து மீண்டும் கிராமமாயிற்று.

சோவியத் ஆட்சி பழைய மாகாணங்களையும் வட்டங்களையும் கலைத்து, 1929இல் ‘ராயோன்’ எனப்படும் மாவட்டங்களை அமைத்தது. அப்போது இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் பினேகா, கார்ப்பொகோரி என இரண்டு மாவட்டங்கள் தோன்றின. பின்னர் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. பெயர் பினேகாவுக்கும் அலுவலகம் கார்ப்பொகோரிக்கும் கிடைத்தன; இரண்டுக்கும் இடையே சாலைவழி நூறு கிலோமீட்டருக்கு மேல். இவ்வகை உடன்பாடுகள் எல்லா நாட்டு நிர்வாகங்களிலும் காணக்கூடியவையே. ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலம் இன்றைய பெயருடன் 1937இல் உருவாயிற்று.

மாவட்டத்துக்குக் கீழே ஊர் மக்கள் நேரில் கண்ட அரசாங்கம் ‘செல்ஸவியத்’ எனப்பட்ட கிராம மன்றமாகும். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அங்கே நடந்தது. ‘வீட்டுப் பதிவேடு’ என்றொரு புத்தகம் அங்குப் பேணப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஆட்கள், நிலம், பசுக்கள் முதலியன அதில் எழுதப்பட்டன. இப்பதிவேட்டு முறை 2003இல் வந்த வீட்டுத் துணை விவசாயச் சட்டத்தின்கீழ் இன்றும் தொடர்கிறது. நிலத்துக்கு வேறு பத்திரம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அப்புத்தகத்தில் உள்ள ஒரு வரியே உரிமைச் சான்றாகும். களப் பணியாளர்கள் இத்தகைய பதிவேட்டின் மதிப்பை நன்கு உணர்வர்.

ஊர்களின் தொழில் அமைப்பு இரு வகைப்பட்டது. ஆற்றங்கரைப் பழங்கிராமங்கள் வெள்ளச் சமவெளியின் புல்வெளிகளை நம்பி மாடு வளர்த்து, வாற்கோதுமை விதைத்து வாழ்ந்தன. சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணைகளாயின. காட்டுக்குள் எழுந்த மரவெட்டுக் குடியிருப்புகளின் கதை வேறு. 1930 முதல் உடைமை பறிக்கப்பட்ட விவசாயக் குடும்பங்கள் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து இவ்வடக்குக் காடுகளுக்குக் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டன. அவர்களுள் பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். பின்னாளில் கூலிக்கு வந்த தொழிலாளரும் சேர்ந்தனர். வெட்டிய கட்டைகள் வசந்த வெள்ளத்தில் ஆற்றில் மிதக்கவிடப்பட்டன. இம்முறை ஆற்றைக் கெடுத்ததால் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவிடப்பட்டது.

1960களிலும் 1970களிலும் திட்டமிடுவோர் கிராமங்களை ‘எதிர்காலம் உள்ளவை’, ‘எதிர்காலம் அற்றவை’ என இரண்டாகப் பிரித்தனர். 1974இல் கருமண் அல்லாத பகுதிகளின் முன்னேற்றத்துக்கென ஒரு பெரிய தீர்மானம் நிறைவேறிய காலத்தில் இப்போக்கு மேலும் வலுப்பெற்றது. இரண்டாம் பட்டியலில் வைக்கப்பட்ட ஊருக்குப் புதிய பள்ளிக் கட்டடமோ கடையோ சாலையோ கிடைப்பது அரிதாயிற்று. கிடைக்காததால் மக்கள் வெளியேறினர். வெளியேறியதால் முன்கணிப்பு மெய்யாயிற்று. ஒரு ஊருக்கு எதிர்காலம் இல்லை என்று எழுதிவைப்பது கணிப்பு அன்று, ஆணையே என்பதைப் பிற்கால அதிகாரிகளே ஒப்புக்கொண்டு அப்பிரிவினையைக் கைவிட்டனர்.

வெர்கோலாவில் 1920இல் பிறந்த நாவலாசிரியர் பியோதர் அப்ரமோவ் இம்மாற்றங்களை உள்ளிருந்து எழுதியவர். பினேகாக் கரையிலுள்ள ஒரு கற்பனைக் கிராமத்தின் கதையாகிய ‘சகோதரர்களும் சகோதரிகளும்’ 1958இல் வெளியாயிற்று. 1979இல் தம் சொந்த ஊர் மக்களுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் மாவட்டச் செய்தித்தாளில் வெளிவந்தது. நிலம் பாழாவதற்கு மேலதிகாரிகள் மட்டுமன்றி ஊராரும் பொறுப்பு என்று அதில் அவர் வாதிட்டார். ஊரார் பலர் இதனால் வருந்தினர். நிர்வாக அறிக்கைகள் எழுப்பாத கேள்வியை அக்கடிதம் எழுப்பியது என்பதும் உண்மை.

சட்டமும் விலக்கும்

1993ஆம் ஆண்டின் ருஷ்ய அரசியலமைப்பு தல சுயாட்சி உறுப்புகளை அரச உறுப்புகளின் வரிசையில் சேர்க்கவில்லை. மாவட்டம் என்பது அதன் பின் இரண்டு பொருளில் வழங்கிற்று. ஒன்று, மாநிலத்தின் நிலப் பிரிவு. மற்றொன்று, தன் மன்றத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் மக்கள் அமைப்பு. எல்லை ஒன்றாக இருப்பினும் சட்ட நிலை வேறு. வரைபடங்களைக் கையாளும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

முற்கூறிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பினேகா மாவட்டத்தினுள் பத்துக்கு மேற்பட்ட கிராமப் பிரிவுகள் ஏற்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் தலைவரும் வரவு செலவுத் திட்டமும் இருந்தன. பல இடங்களில் பழைய கிராம மன்றத்தின் எல்லையே புதிய பிரிவின் எல்லையாயிற்று. ஒரு நாள் நடை என்னும் விதியை இங்கு எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால், சில குடும்பங்களே வாழும் எத்தனையோ ஊர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக்க வேண்டியிருந்திருக்கும். எனவேதான் விலக்கு தேவைப்பட்டது.

அமைப்பு உண்டாயிற்று; பணம் உண்டாகவில்லை. கிராமப் பிரிவின் சொந்த வருவாய் நில வரி, கட்டட வரி, வருமான வரியில் ஒரு சிறு பங்கு ஆகியவையே. இளைஞர் வெளியேறி முதியோர் எஞ்சிய ஊர்களில் அதுவும் குறைந்தது. 2014இல் ஒரு திருத்தம் கிராமப் பிரிவுகளின் கட்டாயப் பணிகளைக் குறைத்துப் பெரும்பகுதியை மாவட்டத்துக்கு மாற்றியது. பணி குறைந்த பின், அதைச் செய்ய ஒரு தனி மன்றம் எதற்கு என்னும் கேள்வி எளிதாக எழுந்தது. 2019 மே மாதத்தில் நிறைவேறிய சட்டம் அதற்கு வழிவகுத்தது. கிராமப் பிரிவுகள் அனைத்தையும் கலைத்து, மாவட்டம் முழுவதையும் ‘ஒக்ரூக்’ எனப்படும் ஒரே நகராண்மை வட்டமாக ஆக்கலாம் என்று அது கூறிற்று. ஆர்க்காங்கெல்ஸ்க் மாநிலத்தின் கிராமப்புற மாவட்டங்கள் பல 2020க்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக இம்முறைக்கு மாறின. பினேகாவும் அவற்றுள் ஒன்று.

இதன் பலனை நடுநிலையோடு காணல் வேண்டும். சிறு பிரிவு ஒன்றால் வாங்க இயலாத பனி அகற்றும் இயந்திரத்தை வட்டம் வாங்கலாம். ஒவ்வொரு பிரிவும் தனித்தனியே எழுதிய கணக்குகளை ஓர் அலுவலகம் எழுதலாம். முந்தைய தலைமையூர்களில் வட்ட நிர்வாகத்தின் கிளை அலுவலகங்கள் அமைவதும் வழக்கம். ஆகவே ஒரு முதியவர் சான்றிதழ் பெறுவதற்கு நடக்கும் தொலைவு பெரும்பாலும் மாறாமல் இருக்கலாம். மாறுவது வேறொன்று. முன்பு அம்மேசைக்குப் பின்னால் அமர்ந்தவரை ஊரார் வாக்களித்து அமர்த்தினர். இப்போது அமர்பவர் கார்ப்பொகோரியால் நியமிக்கப்பட்டவர். சூரா, நியூஹ்சாப் பகுதிகளில் எந்தத் துறையில் தோணி ஓட வேண்டும், எந்தப் பாதையில் முதலில் பனி அகற்ற வேண்டும் என்பவை ஊர் மன்றத்தில் பேசப்படும் பொருள்களாக இருந்த நிலை போய், வட்ட மன்றத்தில் பல கோரிக்கைகளுள் ஒன்றாகின்றன. ஒரு நாள் நடை விதியும், அளப்பதற்குக் கிராமப் பிரிவே இல்லாத நிலையில் பொருளற்றதாயிற்று.

பள்ளி, மருத்துவம் ஆகியவற்றின் நிலையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. மருத்துவ உதவியாளரும் மருத்துவச்சியும் பணிபுரியும் சிறு நிலையம் வடபுலக் கிராமங்களின் முதற்படி மருத்துவமனை. மக்கள் தொகை ஓர் அளவுக்குக் கீழே போனால் அதற்குப் பதில் நடமாடும் மருத்துவக் குழு வரும். பாதை கெட்ட காலத்தில் அக்குழுவும் கரையிலேயே நின்றுவிடும். அவசர நோயாளியை எடுத்துச் செல்ல அப்போது ஹெலிகாப்டரே வழி.

ஊருக்கும் வட்டத்துக்கும் இடையே உண்டான இடைவெளியை ஓரளவு நிரப்புவதற்காக 2018 ஏப்ரலில் ஒரு பழைய பதவிக்குச் சட்டம் மீண்டும் இடமளித்தது. அதுவே ‘ஸ்தாரொஸ்தா’, அஃதாவது ஊர் மூத்தவர். ஊர்க் கூட்டம் முன்மொழிய, நகராண்மை மன்றம் இவரை நியமிக்கிறது. பதவிக்காலம் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். இவர் அரசு ஊழியர் அல்லர். நிர்வாகத்துடன் வேலை ஒப்பந்தம் ஏதும் இவருக்கு இல்லை. ஊராரின் கோரிக்கையை அலுவலகத்துக்கும், அலுவலகத்தின் முடிவை ஊராருக்கும் கொண்டு சேர்ப்பதே பணி. பதவியை அடையாளம் காட்ட ஒரு சான்றட்டை தரப்படுகிறது. ஆணையிடும் அதிகாரம் தரப்படவில்லை. நவம்பரில் தோணி நின்று, பனிக்கட்டி இன்னும் ஆளைத் தாங்காத நாட்களில், எதிர்க்கரையிலுள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, அவ்வூரின் முதியோர்க்கு ரொட்டியும் மருந்தும் எவ்வளவு கையிருப்பில் உள்ளன என்று கூறுபவர் பெரும்பாலும் இவரே.